வெள்ளிக்கிழமை ரத்தம்

ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் திருநாவுக்கரசு தம்முடைய இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிறார். பிறகுதான் எதிர் நாற்காலியில் நீண்டிருக்கும் கையைத் தொடுகிறார். "குளுந்த கை பட்டா நரம்பு ஓடி ஒளிஞ்சிக்கும்லா. மொதல்ல நம்ம கை அதுக்கு ஆறுதல் சொல்லணும்" என்பார். தமிழ்க் குழந்தையானால் "பயப்படாத கண்ணு", மலாய்க் குழந்தையானால் "ஜாங்கான் தாக்குட்", சீனக் குழந்தையானால் "மாய் கியா". மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், மூன்றையும் அவர் சொல்லும் ராகமும் ஒன்றுதான். குழந்தை அந்த ராகத்தைக் கேட்டு அண்ணாந்து பார்க்கிற நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எப்ப குத்துவீங்க?" என்று கேட்ட ஒரு பிள்ளையிடம், பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே, "நாளைக்கு" என்றார்.

வயது ஐம்பத்து மூன்று. குள்ளமான, உருண்டையான உடம்பு. காலையில் நெற்றியில் மூன்று கோடாக இருக்கும் திருநீறு பத்து மணிக்குள் வேர்வையில் ஒரே கோடாகிவிடும். மதியத்துக்குள் அதுவும் போய்விட்டால், கேமரா பிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பாவைத் திறந்து மறுபடி இட்டுக்கொள்வார். படிப்பு ஆறாம் வகுப்பு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். தோட்ட ஆஸ்பத்திரி டிரெஸ்ஸருக்குக் கூடமாட இருந்து ஊசி போடக் கற்றுக்கொண்டார். "எழுத்து கொஞ்சம், நரம்பு நெறைய" என்று தம்மைப்பற்றிச் சொல்லிக்கொள்வார். ஆட்களை முகத்தைவிட நரம்பை வைத்துத்தான் அவருக்கு அடையாளம் தெரியும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் ஒரு கணம் விழிப்பார். பிறகு அவர்களுடைய முழங்கை மடிப்பைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களா" என்பார்.

ஜார்ஜ்டவுனில் பர்மா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தப் பழைய மாடி பங்களா. ஒரு தர்ம நிதியத்தார் அதை ரத்த ஆய்வுக்கூடமாக மாற்றியிருக்கிறார்கள். கீழே முன்னறையில் திருநாவுக்கரசும் அவருடைய நாற்காலியும். பின்னறையில் சலேஹா. ரத்தக் குழாய்களை இயந்திரத்தில் சுழற்றி, பிரித்து, அளந்து, எண்களாகத் தருபவர் அவர். மாடியில் அருந்ததி. அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கூட்டத்தாரை இன்னொரு கூட்டத்தாரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் புள்ளியியல் படிப்பு படித்தவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். பேசுவதெல்லாம் பினாங்குத் தமிழ்தான். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

அங்கே வருகிறவர்கள் தாலசீமியா நோயாளிகள். பெரும்பாலும் பிள்ளைகள். அவர்களுடைய உடம்பு செய்யும் ரத்தம் நிலைப்பதில்லை. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டால்தான் முகத்தில் கொஞ்சம் நிறம் வரும். அப்படி ஏற்றிக்கொள்வதற்கு முந்தின வாரத்தில் திருநாவுக்கரசு ஒரு சின்னக் குழாய் ரத்தம் எடுப்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவர் அருந்ததியிடம் கேட்டுவிட்டார். "எல்லாரும் ஜீன் ஜீன்னு சொல்றீங்களே, அது என்னாம்மா?"

அருந்ததி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டினார். "அண்ணே, இந்த ஃபேன் எல்லா வீட்டுலயும் இருக்கு. ஆனா ரெகுலேட்டர் வீட்டுக்கு வீடு வேற வேற நம்பர்ல நிக்குது. ஜீன்னா ஃபேன். நம்ம இங்க பாக்குறது ஃபேன் இல்ல. அந்த நம்பரு."

அதற்குப் பிறகு பெற்றவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பைத் திருநாவுக்கரசே எடுத்துக்கொண்டார். "தாயி வயித்துல இருக்கறப்ப புள்ளைக்கி வேற ரத்தம். அந்த ஃபேன் அஞ்சுல ஓடும். பொறந்த பொறவு சாமி வந்து சைபருக்குத் திருப்பிட்டுப் போயிடுவாரு. அப்பறம் பெரியவங்க ரத்தத்துக்கு உள்ள ஃபேன் ஓடணும். இந்தப் புள்ளைங்களுக்கு அதுதான் ரிப்பேரு. ஆனா சில புள்ளைங்களுக்கு அந்தப் பழைய ஃபேனச் சாமி மறந்தாப்ல ஒண்ணுலயோ ரெண்டுலயோ விட்டுட்டுப் போயிருப்பாரு. அதுங்க கொஞ்சம் தெம்பா இருக்கும்."

மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அருந்ததி, "சாமி மறப்பாராண்ணே?" என்றார்.

"மறந்தாப்லம்மா. மறக்கல."

வெளிநாட்டில் ஒரு மருந்து வந்திருந்தது. அந்தப் பழைய விசிறியின் ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் தள்ளிவிடக்கூடிய மருந்து. அடியோடு சைபரில் நிற்பதைத் தள்ளுமா என்பது இன்னும் தெரியாது. பினாங்குக்குக் கொஞ்சம்தான் வரப்போகிறது. அதை யாருக்கு முதலில் கொடுப்பது? மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று கூட்டத்தாரிலும் ரெகுலேட்டர் எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் அந்த ஆய்வுக்கூடத்தின் வேலை. இரண்டு வருஷ வேலை அது.

பிறை தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வள்ளியம்மாவுக்கு அந்த மருந்துச் சேதியை முதலில் சொன்னவர் திருநாவுக்கரசுதான். வள்ளியம்மா செபராங் ஜெயாவிலிருந்து பஸ்ஸும் ஃபெர்ரியுமாக மகள் சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு வருகிறவர். சந்திரிகாவுக்குப் பதினோரு வயது, பார்த்தால் ஏழு சொல்லலாம். அறைக்குள் நுழைந்ததும், "இன்னக்கி எந்தக் கை மாமா? நேத்து கனவுல இடது கைன்னு சொன்னீங்க" என்று கேட்கும் பிள்ளை. "மருந்து வரட்டும், ஒன் கைக்கி லீவு குடுத்துடலாம்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

யாருக்கும் முடியாது என்று சொல்ல அவருக்கு வராது. யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன" என்றுதான் ஆரம்பிப்பார். ரத்தம் எடுக்கும் நாள் வாரத்தில் இரண்டு. திங்கள் ஒன்று, வெள்ளி ஒன்று. யார் எந்த நாளில் வருவது என்பதை அவர் கையிலேயே விட்டிருந்தார்கள்.

முதல் தடவை வந்தபோதே வள்ளியம்மா தயங்கினார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா புள்ள ரத்தத்த வெளிய குடுக்கலாமாண்ணே? அன்னைக்கி உப்பு கேட்டாகூட நாங்க குடுக்கறது இல்ல."

"அதுக்கென்ன, திங்கக்கெழம வாங்க" என்றார் அவர். வெள்ளிக்கிழமை நகம்கூட வெட்டாத மனிதருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்து வந்த தமிழ்க் குடும்பமும் அதையே கேட்டது, அதற்கடுத்ததும். மலாய்த் தகப்பன்மாருக்கோ ஜும்மா தொழுகைக்காக வெள்ளியன்று மதிய இடைவேளை நீளம். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டிவிட்டு அப்படியே பள்ளிவாசலுக்குப் போக வசதி. அதற்கும் "அதுக்கென்ன". சீனர்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான், வசதிப்பட்ட நாளில் வந்தார்கள். எல்லாவற்றையும் அவர் தம்முடைய சட்டைப்பை 555 நோட்டில் எண் போட்டு எழுதிவைத்துக்கொண்டார். ஒருவர் முகமும் கோணவில்லை. இரண்டு வருஷம் இப்படி ஓடியது.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒரு நாள், மாடிக்குப் பையில் கட்டிய தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், கொண்டுபோனபோது சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளைப் பார்த்தார். தாள் நிறையப் புள்ளிகள். பச்சைப் புள்ளி மலாய்க்காரர், சிவப்பு சீனர், நீலம் இந்தியர் என்று அருந்ததி சொன்னார். பச்சை மேலே. சிவப்பு மேலும் கீழுமாக நடுவில். நீலம் மட்டும் மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"அப்படின்னா என்னாம்மா?"

"நம்ம ஆளுங்களுக்கு அந்த ஃபேன் கிட்டத்தட்ட சைபர்லதான் நிக்குதுன்னு அர்த்தம். மூணு கூட்டத்துக்கும் நெசமாவே வித்தியாசம் இல்லன்னு வச்சிக்கிட்டா, சும்மா தற்செயலா இவ்ளோ பெரிய இடைவெளி விழறதுக்கு ஆயிரத்துல ஒரு வாய்ப்புகூட இல்லண்ணே. பெரிய டாக்டர் இந்த மாசக் கடைசியில அறிக்கைய அனுப்பிடுவாரு. மருந்து மொதல்ல மத்த ரெண்டு கூட்டத்துக்கும்தான்."

"சந்திரிகாவுக்கு?"

அருந்ததி தே ஓ பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதில் மனம் ஒப்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு, நீலக் கூட்டத்தை விட்டு விலகி உயரத்தில் தனியாக நின்ற இரண்டு நீலப் புள்ளிகளைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த ரெண்டு பேருதான் எனக்கு உறுத்துது. எனக்கு நம்பருதான் தெரியும். பதினேழு, முப்பத்தொண்ணு. இவங்க யாருண்ணே?"

திருநாவுக்கரசுக்கு நோட்டைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. "பதினேழு வந்து வலது கை, வழுக்கற நரம்பு. வேதக்காரங்க, வெள்ளிக்கெழமைல்லாம் பாக்க மாட்டாங்க. முப்பத்தொண்ணு பிறை லாரி டிரைவர் மகன். அவங்க அப்பாவுக்கு வெள்ளிக்கெழமதான் லீவு கெடைக்கும். ரெண்டு பேரும் நம்ம வெள்ளிக்கெழம ஆளுங்க."

"வெள்ளிக்கெழம ஆளுங்கன்னா? மத்தவங்க?"

"மத்த தமிழ் ஆளுங்க எல்லாம் திங்கக்கெழமதானேம்மா வர்றாங்க. மலாய்க்காரங்க வெள்ளி. சீனவங்க கலந்து வருவாங்க. நான்தான் அப்படிப் பிரிச்சு வச்சிருக்கேன்." சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அருந்ததி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன அண்ணை செய்து வச்சிருக்கிறியள்? ரெண்டு வருச வேலை." வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். சீனர்களின் சிவப்புப் புள்ளிகளை மட்டும் எடுத்து, திங்களில் வந்தவர்களை ஒரு பக்கமும் வெள்ளியில் வந்தவர்களை ஒரு பக்கமும் பிரித்துப் புதுத்தாளில் வைத்தார். வெள்ளிப் புள்ளிகள் உயரத்தில் நின்றன, திங்கள் புள்ளிகள் அடியில் கிடந்தன. அதே சீனர்கள், அதே நோய். கிழமைதான் வேறு.

சலேஹாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது காரணமும் வெளியே வந்தது. திங்கள்தோறும் காலையில் மாடியில் கூட்டம். சலேஹா அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒன்பது மணிக்கு எடுத்த ரத்தக் குழாய்கள் மதியம் இரண்டு வரைக்கும் பின்னறை மேசையில் வெக்கையில் நிற்கும். வெள்ளிக்கிழமையோ கணவர் தொழுகைக்குப் புறப்படும் முன் வீட்டுக்குப் போக வேண்டுமென்று எடுத்த கையோடு எல்லாவற்றையும் முடித்துவிடுவார். ஜீன் ஓடும்போது ரத்த அணுவுக்குள் ஒரு சேதியை அனுப்பும், சலேஹா அளப்பது அந்தச் சேதியைத்தான். அது மீனைப்போல. ஐஸ் இல்லாமல் வைத்தால் மணிக்கு மணி கெட்டுப்போகும். நீலப் புள்ளிகள் கீழே கிடந்தது தமிழர் என்பதாலா, மேசையில் காத்துக்கிடந்ததாலா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

"நான் எல்லாருக்கும் அனுசரிச்சுதானேம்மா பண்ணேன்" என்றார் திருநாவுக்கரசு. குரல் இறங்கிவிட்டது.

அருந்ததியின் கோபமும் இறங்கிவிட்டது. "தெரியும்ணே. தப்பு என் மேல. கம்ப்யூட்டர்ல கெழமைன்னு ஒரு கட்டம் நான் போட்டிருக்கணும். போடவே இல்ல. நீங்க அனுசரிச்சதுல இனமும் கெழமையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. ஈரத்துல ஒட்டின ரெண்டு தாள் மாதிரி. கிழிக்காம பிரிக்க முடியாது."

"அந்த ரெண்டு வெள்ளிக்கெழம ஆளுங்கள வச்சுச் சொல்லிட முடியாதா?"

"ரெண்டு பேர வச்சு முப்பத்தாறு பேருக்குச் சாட்சி சொல்ல முடியாதுண்ணே."

அன்று மதியம் அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. சலேஹா வந்து, உடம்புக்கு என்ன என்று மலாயில் கேட்டதற்கு, வயிறு நிறைந்திருக்கிறது என்றார். அது பொய் என்பது சலேஹாவுக்கும் தெரியும். தாம் இன்முகமாகச் செய்த ஒரு காரியம், தாம் வாக்குக் கொடுத்த பிள்ளையின் பெயரையே பட்டியலிலிருந்து தள்ளப் பார்த்தது அவருக்குத் தாங்கவில்லை. முருகா முருகா என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அருந்ததி பெரிய டாக்டரிடம் பேசி அறிக்கையை மூன்று மாதம் நிறுத்தி வைத்துவிட்டார். எல்லாரிடமும் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும். இனி இரண்டு நாளும் எடுத்த அரைமணிக்குள் சலேஹா வேலையை முடித்துவிடுவார். அது மட்டும் போதாதாம்.

"தெரிஞ்ச கோளாற இப்ப சரி பண்ணியாச்சு. தெரியாத கோளாறு இன்னும் என்னென்ன இருக்கோ. அதனால ஒவ்வொரு கூட்டத்துலயும் பாதிப் பேரு திங்கள், பாதிப் பேரு வெள்ளி. யாரு எந்த நாளுங்கறத நீங்களும் முடிவு பண்ணக்கூடாது, நானும் பண்ணக்கூடாது."

"அப்ப யாரு பண்றது?"

"யாருமே பண்ணக்கூடாதுண்ணே."

"யாருமே இல்லன்னா சாமின்னுதானே அர்த்தம். திருவுளச்சீட்டுன்னு சொல்லுங்க."

பெண்ணுக்கு மாப்பிள்ளை இரண்டு இடத்திலிருந்து வந்து குழம்பினால், சாமி முன்னால் சீட்டு எழுதிப் போட்டு ஒன்றை எடுப்பார்களே, அதுதான். அருந்ததி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆமாண்ணே. அதேதான்" என்றார். கம்ப்யூட்டரே நொடியில் எண் போட்டுக் கொடுத்துவிடும் என்றும் சொன்னார்.

"கம்ப்யூட்டரு வெள்ளிக்கெழம குடுன்னு சொன்னா நம்ம ஆளுங்க குடுக்க மாட்டாங்கம்மா. அவங்க கையாலயே எடுக்கட்டும். எடுத்த சீட்ட மறுக்க மாட்டாங்க."

சலேஹாவிடம் சொன்னபோது, "சாபுட் உண்டி லா, அவ்வளவுதானே" என்று முடித்துவிட்டார். மலாய்க்காரர்களிடம் சீட்டு எடுப்பது வெறும் முறைதான், சாமி சங்கதி எதுவும் இல்லை. சீனப் பெண்களுக்கோ விளக்கமே தேவைப்படவில்லை. பிட் ஸ்ட்ரீட் கோயிலில் மூங்கில் குச்சிகளைக் குலுக்கிக் குலுக்கிப் பழகிய கைகள். மூன்று கூட்டத்துக்கும் மூன்று மைலோ டின்கள். ஒவ்வொன்றிலும் பாதிச் சீட்டில் "தி", பாதிச் சீட்டில் "வெ". எல்லாம் ஒரே அளவு, ஒரே மடிப்பு. தமிழ் டின்னின் வெளிப்புறத்தில் விரல் நுனியால் திருநீறு பூசியிருப்பதை அருந்ததி கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணே, இது எதையாவது மாத்திடப்போவுது."

"வெளியிலதாம்மா பூசியிருக்கேன். உள்ள இருக்கறது எதுவும் எனக்குத் தெரியாது."

எடுத்த சீட்டை மாற்றக் கூடாது என்ற ஒரே ஒரு கட்டளையைத்தான் அருந்ததி திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் வாரம் பிரச்சினை இல்லாமல் நடந்தது. வெள்ளி விழுந்தவர்கள்கூட ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "சாமியே சொல்லிடுச்சு" என்று போய்விட்டார்கள்.

இரண்டாவது வாரம் வள்ளியம்மா வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். "வெ" வந்தது.

சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அறையில் வேறு யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, இத உள்ள போட்டுட்டு வேற ஒண்ணு எடுத்துக்கறேன். ஏற்கனவே ரத்தம் இல்லாத புள்ள. வெள்ளிக்கெழம வேற அதையும் எடுத்துக் குடுக்கணுமா? ஒங்களுக்கு ஒரு பேச்சுதானே. மாத்தி எழுதிக்குங்க."

வழக்கமான பதில் அவருடைய நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சமயம் பார்த்துச் சந்திரிகா அவர் மேசையில் இருந்த பஞ்சை உருட்டி உருட்டி முயல் செய்துகொண்டிருந்தாள். அவர் அந்த முயலைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார்.

"முடியாதும்மா" என்றார்.

வள்ளியம்மாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். "என்னாண்ணே?"

"இவளுக்கு ஒருக்கா மாத்தி எழுதுனதுலதான் அந்த நம்பரு பொய்யாப் போச்சு. ஒங்களுக்காகத்தான் மாத்துனேன். இவளுக்கு மருந்து இல்லன்னு எழுதற வரைக்கும் கொண்டாந்து விட்டுடுச்சு. மறுபடி மாத்துனா மறுபடி பொய்யாயிடும். திருப்பிப் போட முடியாதும்மா."

"எல்லாருக்கும் பாத்துப் பாத்துச் செய்வீங்க. எனக்கு மட்டும்தான் முடியாது. சரிதான்." வள்ளியம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். சந்திரிகா பஞ்சு முயலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எட்டு மணியிலிருந்தே அவருக்கு வாசலில்தான் கண். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. சலேஹா கதவருகே வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். வராமல் போனால் அந்தப் பிள்ளைக்கு எண்ணே இருக்காது. எண் இல்லாத பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. தாம் சொன்ன முடியாது சரிதானா, கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று அவருக்கு மனம் அடித்துக்கொண்டது. மாற்றி எழுதியிருக்கலாம் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு இருவரும் வந்தார்கள். வள்ளியம்மாவின் தலை ஈரமாக இருந்தது. சந்திரிகாவின் தலையில் மல்லிகைச் சரம். தாய் சுவரோரம் நின்றுகொண்டார், பிள்ளை மட்டும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

திருநாவுக்கரசு எழுந்து போய்த் தம் செருப்பை அறை வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தார். கண்ணாடிக் குழாய்கள் உடையும் இடத்தில் வெறுங்கால் கூடாது என்று பத்துத் தடவை சண்டை போட்டிருக்கும் சலேஹா, பின்னறைக் கதவிலிருந்து இதைப் பார்த்தார். தரையில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்னாண்ணே, செருப்ப?" என்று கேட்டார் வள்ளியம்மா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

"வெள்ளிக்கெழமதானேம்மா."

வள்ளியம்மா சுவரை விட்டு நகர்ந்து வந்து மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டார். ஊசி இறங்கியது. "எப்ப குத்துவீங்க மாமா?" என்றாள் சந்திரிகா, முடிந்துவிட்டது தெரிந்தே.

மூன்று மாதம் கழித்து அருந்ததி புதுத்தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அவரை மேலே கூப்பிட்டார். பச்சை, சிவப்பு, நீலம் மூன்றும் இந்தத் தடவை ஒரே உயரத்தில் கலந்து கிடந்தன. ரெகுலேட்டர் சைபரில் நின்றவர்களும் மூன்றில் நின்றவர்களும் எல்லாக் கூட்டத்திலும் இருந்தார்கள்.

"கூட்டத்துக்குக் கூட்டம் உள்ள வித்தியாசம் ஒண்ணுமே இல்லன்னு சொல்ற அளவுக்குத்தாண்ணே. ஒரே கூட்டத்துக்குள்ள ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசம்தான் பெருசு. அதனால இனத்தப் பாத்து மருந்து இல்ல. ஆளப் பாத்து."

பட்டியலை அவர் கையில் கொடுத்தார். அன்றைக்கு மட்டும் எண்ணோடு பெயரும் இருந்தது. ஒன்பதாவது பெயர் சந்திரிகா. திருநாவுக்கரசு அந்த வரியில் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவேயில்லை. முகம் முழுக்கச் சிரிப்பாகி, சிரிப்பிலேயே கண் கலங்கியது. "அவங்க ஃபேக்டரிக்கி போன் போட்டுச் சொல்லிடலாம்லா? சூப்பர்வைசரு ஏசினா ஏசட்டும்."

"சொல்லுங்கண்ணே. நீங்களே சொல்லுங்க."

போன் போட்டு முடித்ததும் கீழே போவார் என்று அருந்ததி நினைத்தார். அவர் போகவில்லை. "இன்னொரு தாளு இருக்குமே" என்றார்.

இருந்தது. ரெகுலேட்டர் அடியோடு சைபரில் நின்ற பதினான்கு பேர். மூன்று கூட்டத்திலும் இருந்தார்கள். இந்த மருந்தால் அவர்களுக்குப் பயன் உண்டா என்று தெரியாததால் முதல் சுற்றில் அவர்கள் இல்லை.

"இது எதுக்குண்ணே? இவங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்லியே."

"அதாம்மா. சாயங்காலம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போறேன். அர்ச்சனைக்குப் பேரு சொல்லணும்."

ஒரு துண்டுத் தாளை வாங்கிப் பதினான்கு பெயரையும் தமிழில் எழுதிக்கொண்டார். தமிழ்ப் பெயர்கள் நாலும் சுலபமாக வந்துவிட்டன. மலாய்ப் பெயர்களில் ஒன்றுக்கு மட்டும் படியிலிருந்தபடியே சலேஹாவிடம் குரல் கொடுத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டார். சீனப் பெயர் ஒன்றில்தான் நாக்கு இடறியது. குருக்கள் முன்னால் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே. படியிறங்கும் வழியில் பாதியில் நின்று, தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

"லிம் சியூ ஹோங்."

தலையை ஆட்டிவிட்டு, இன்னொரு தடவை இன்னும் மெதுவாகச் சொன்னார். "சியூ... ஹோங்."